அந்தச் சனத்துக்குப் பெயர் இருக்கிறது

பாடசாலை விடுமுறை வந்தால் கோலியர்ஸ் வுட்டிலிருந்தும் டூட்டிங்கிலிருந்தும் எங்கள் குடும்பங்கள் மராகேஷுக்குப் பறக்கின்றன. மூன்றரை மணி நேரப் பயணம், நல்ல வெயில். போகட்டும். திரும்பிவந்து எழுதுவதைத்தான் தாங்க முடியவில்லை. ‘பெர்பர் குடும்பத்துடன் மதிய உணவு’ என்று முகவர் விற்ற ஒருநாள் சுற்றில் இம்லில் பக்கம் மலையேறி, ஒரு வீட்டில் புதினாத் தேநீர் குடித்து, தஜீன் சாப்பிட்டு, பெண்களைப் படமெடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். பிறகு எழுதுகிறார்கள்: ‘ஒன்றுமில்லாவிட்டாலும் சிரிக்கத் தெரிந்த அப்பாவிச் சனம்.’

யாழ்ப்பாணம் போய்வந்த வெள்ளைக்காரர் எங்களைப் பற்றி இப்படி எழுதினால் கொதிப்போம். எங்களை இந்தியர் என்று யாராவது சொல்லிவிட்டால் அடுத்த ஸ்டேஷனுக்குக் கேட்கும்படி திருத்துவோம். ‘பெர்பர்’ என்பதும் பிறர் வைத்த பெயர்தான். புரியாத மொழி பேசுகிறவனைக் கிரேக்கர் ‘பார்பரோஸ்’ என்றார்கள். அதன் வழி வந்தது என்பார்கள். தங்களை அவர்கள் சொல்வது அமாசிக் என்று.

சாப்பாட்டையாவது ஒழுங்காகப் பார்த்தார்களா? வெள்ளிக்கிழமைகளில் கூஸ்கூஸ். ரவைக்குத் தண்ணீர் தெளித்துக் கையால் உருட்டி, குழம்பு கொதிக்கும் பானைக்கு மேலே துளைப் பாத்திரத்தில் அவித்து, கொட்டி உதிர்த்து, மறுபடியும் அவிப்பார்கள். புட்டு அவித்த கைக்கு இது தெரியாதா? நடுவில் ஒரே பெரிய தட்டு; அவரவர் தன் பக்கத்திலிருந்துதான் எடுத்துச் சாப்பிட வேண்டும். கூழ்ப்பானையைச் சுற்றியிருந்து வளர்ந்தவர்கள் இதற்கு ‘விசித்திர அனுபவம்’ என்று தலைப்பு வைக்கிறார்கள்!

அந்த மலையில் வீட்டுமொழி அரபு அல்ல, தஷல்ஹித். மொரோக்கோவின் அரசியலமைப்பு 2011இல்தான் அமாசிக் மொழியை உத்தியோக மொழியாக ஏற்றது. பக்கத்து அல்ஜீரியாவில், 1980 மார்ச்சில், பழைய கபில் கவிதைகளைப் பற்றி மூலூத் மம்மெரி திசி ஊசூவில் பேசவிருந்த கூட்டத்தை அரசு தடைசெய்தது. கவிதை பற்றிய ஒரு பேச்சு நின்றதற்காக மாணவரும் சனமும் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த வருடம் யாழ்ப்பாணத்தில் எங்கள் நூலகத்தை எரித்தார்கள். மாதம் ஒரு இலக்கியச் சந்திப்பு வைக்கிற நாங்கள் இதைத் தேடிப் பார்க்காமல் தஜீனுக்கு மூன்று பக்கம் ஒதுக்குகிறோம்.

2023 செப்டம்பர் 8 இரவு அந்த மலைகளில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ 2,900 பேர் இறந்தார்கள். கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய வீடுகள் ஊரூராக விழுந்தன. சமைத்துத் தருகிற அம்மாவிடம், இந்த வீடு எப்போது கட்டியது என்று கேளுங்கள், வழிகாட்டி மொழிபெயர்ப்பார். நீங்கள் கட்டிய காசில் அவருக்கு எவ்வளவு போகிறது என்று முகவரிடம் கேளுங்கள். பிறகு எழுதுங்கள், வாசிக்கிறேன்.