எழுத்துப் புதிரும் எங்கள் தெருவும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

விடுகதை என்றாலே பாட்டிமார் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் ஒருபுறம். சித்திரகவி என்றாலே புலவர்களின் வீண் வித்தை என்று முகம் சுளிப்போர் மறுபுறம். இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே என்பது என் எண்ணம். அவற்றைப் பிரித்து வைத்தது எது என்று எண்ணிப் பார்க்கவே இதை எழுதுகிறேன். வேதியியல் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆய்வகத்தில் பெயர் சொல்லாமல் ஒரு சிட்டிகை உப்பைக் கொடுத்து, 'இது என்ன, கண்டுபிடி' என்கிறார்களே, அது மட்டும் என்னவாம்?

யாப்பின் வகை ஏழு என்று தொல்காப்பியர் செய்யுளியலில் வகுக்கிறார். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்பன அவை. இவற்றுள் பிசி என்பதே விடுகதை. பாட்டுக்கும் நூலுக்கும் போட்ட அதே பந்தியில் பிசிக்கும் இலை போட்டிருக்கிறார் அப்பெருமகனார். எங்கள் மண்ணரைப் பக்கத்தில் இதற்கு அழிப்பாங்கதை என்று பெயர். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் பெண்களுக்குப் பிசி என்ற சொல் தெரியாது. ஆனால் ஒன்றரை ஷிப்டு ஓடும் நாளில், கண் சொக்கும் நேரத்தில், ஒருவருக்கொருவர் அழிப்பாங்கதை போட்டுத்தான் விழித்திருக்கிறார்கள். என் தாயாரும் அவர்களில் ஒருவர். அவர் போட்ட ஒன்றைக் கேளுங்கள்: "உடுத்தினதை அவுத்து அவுத்து ஊருக்கெல்லாம் உடுத்தக் கொடுத்தான், கடைசியில அவன் நிக்கிறது அம்மணம். அவன் யாரு?" நூல் சுற்றி வரும் கோன்! மில்லில் இருந்து வந்து, நூலெல்லாம் இழந்து, வெறும் அட்டையாய்க் குப்பைக்குப் போகும் அந்தக் கோனைத் தினமும் பார்ப்பவருக்கன்றி வேறு யாருக்கு இது தோன்றும்?

இது பொருளைப் பார்த்துப் போடும் புதிர். எழுத்தைப் பார்த்துப் போடும் புதிர் வேறொன்று உண்டு. அதில் கைதேர்ந்தவர்கள் சீனர்கள். அவர்களுடைய எழுத்துகள் பல, சிறு சிறு எழுத்துகளை ஒட்டிச் செய்தவை. சூரியனையும் சந்திரனையும் பக்கத்தில் வைத்தால் ஒளி. மரத்தை இரண்டு முறை எழுதினால் தோப்பு. மூன்று முறை எழுதினால் அடர்ந்த காடு. ஆகவே ஓர் எழுத்தைப் பிரித்துப் போட்டாலே விடுகதை பிறந்துவிடுகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஒரு சீன நூலில் இப்படி ஒரு கதை வருகிறது. கி.பி. 220-இல் மறைந்த சாவ் சாவ் என்னும் படைத்தலைவர் ஒரு நினைவுக்கல்லின் பின்புறம் எட்டு எழுத்துகளைக் காண்கிறார். மஞ்சள் பட்டு, இளம்பெண், மகள் வயிற்றுப் பிள்ளை, காரம் இடிக்கும் உரல் என்று மட்டும் இருக்கிறது. உடன் வந்த அறிஞர் உடனே புரிந்துகொள்கிறார். 'சொல்லாதே, நானே யோசிக்கிறேன்' என்று குதிரையைச் செலுத்திய தலைவருக்கு விடை பிடிபட முப்பது லீ தூரம் ஆயிற்றாம். 'ஈடற்ற நேர்த்தியான நல்ல சொல்' என்பதே மறைந்திருந்த பாராட்டு.

அதில் முதல் முடிச்சு எனக்கு மிகவும் பிடித்தது. மஞ்சள் பட்டு என்றால் நிறம் ஏறிய நூல். நூலையும் நிறத்தையும் குறிக்கும் எழுத்துகளை ஒட்டினால் 'ஈடில்லாதது' என்ற எழுத்து வருகிறது! சாயப்பட்டறை ஊர்க்காரர்கள் நாம் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம். பின்னாளில் சோங் அரசர் காலத்தில் (960–1279) ஆண்டின் முதல் பௌர்ணமித் திருவிழாவில் விளக்குக் கூண்டுகளில் இத்தகைய புதிர்களை எழுதித் தொங்கவிட்டார்கள். புலவர் அவையில் இருந்த வித்தை தெருவிளக்குக்கு வந்தது. ஆயினும், படிக்கத் தெரியாதவன் அவ்விளக்கின் கீழே வெளிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருப்பான் அல்லவா?

தமிழிலும் கதை இதுவே. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றுபோல் படிக்கும் மாலைமாற்றில் ஒரு பதிகமே பாடினார். தண்டியலங்காரம் எழுத்து வருத்தனம், அக்கரச் சுதகம், நாகபந்தம் என்று சித்திரகவிகளை அடுக்குகிறது. எழுத்து வருத்தனம் என்பது ஓரெழுத்தாய்க் கூட்டிக்கொண்டே போவது. கம் என்றால் நீர். நகம் என்றால் மலை. கநகம் என்றால் பொன். கோகநகம் என்றால் தாமரை. அக்கரச் சுதகம் எழுத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. இவற்றுக்கு மிறைக்கவி என்ற பெயரும் உண்டு. மிறை என்றால் துன்பம். படிப்பவருக்கா, பாடுபவருக்கா என்று கேட்காதீர்கள்! வாதில் தோற்ற புலவரின் காதை வில்லிபுத்தூரார் அறுப்பார் என்றும், தகரவரிசைப் பாட்டொன்றால் அருணகிரிநாதர் அவரை வென்றார் என்றும் கதை சொல்வார்கள். கதையோ உண்மையோ, புதிரைக் கத்தியாகப் பிடித்த மனப்பான்மை அதில் தெரிகிறது. அந்த மனப்பான்மையே எனக்குப் பிடிக்கவில்லை. வித்தையை நான் குறை சொல்ல மாட்டேன்.

நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் நூலுக்கு ஒரு விளக்கம் சொல்கிறார். சொல்லே பஞ்சு, புலவனே நூற்கும் பெண், வாயே கை, மதியே கதிர் என்கிறார். (அவர் நம் கொங்கு நாட்டவர் என்பாரும் உண்டு.) நூற்கும் பெண்ணிடம் உவமையை வாங்கிக்கொண்டார்கள், எழுதி முடித்த நூல் அவள் கைக்கு எந்நாளில் வந்தது?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். ஒருநாள் அம்மாவுக்கு ஒரு புதிர் போட்டேன். நான்கெழுத்து, முதலிரண்டு எழுத்தும் மார்கழி விடியலில் கொட்டும், இரண்டாம் எழுத்தை எடுத்துவிட்டால் மீதி பிரயோசனம். விடை அவர் நாளெல்லாம் கையில் தொடும் பனியன். பனி, பயன். பொருள் விடுகதை எதையும் இமைக்கும் முன் அழிப்பவர், இதற்குப் பேசாமல் இருந்தார். பிறகு, "அதென்ன கண்ணு, எழுத்துத் தெரிஞ்சவிங்களுக்கு மட்டும் போடற கதை?" என்றார். சித்திரகவியின் குறை நிறைகளைப் பற்றி அவ்வளவு சுருக்கமான விமரிசனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

ஆனால் தமிழில் ஒரு வசதி உண்டு. ஓரெழுத்தே சொல்லாய் நிற்பவை நாற்பத்திரண்டு என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. ஆ, ஈ, கை, தீ, பூ, மை, வா. சீனர் எழுத்தைப் போலவே இவற்றையும் ஒட்டலாம். பசுவும் மையும் சேர்ந்தால் ஆமை. நெருப்பும் மையும் சேர்ந்தால் தீமை. 'வா' என்று கையைக் கூப்பிட்டால் வாகை. கம்பெனியில் கழித்த அட்டையின் பின்புறம் ஓர் எழுத்தாக எழுதி இரவில் அம்மாவிடம் நீட்டினேன். ஒரு மாதத்தில் பதினோரு எழுத்து அவர் வசமாயின. இப்போது அவரே ஒட்டிப் பார்க்கிறார். அரிச்சுவடியைக் கண்டால் கூச்சப்படும் வயதில் புதிருக்குக் கூச்சமில்லை.

ஆகவே நம் கல்லூரித் தமிழ் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவில் கவியரங்கமும் பட்டிமன்றமும் இருக்கட்டும். கூடவே ஓர் அழிப்பாங்கதை அரங்கும் வேண்டும். பிசிர் வெட்டுவோர், கைமடிப்போர், செக்கிங் செய்வோர் என நம் தாய்மாரை மேடைக்கு அழைப்போம். அவர்கள் பொருளில் போடட்டும், நாம் எழுத்தில் போடுவோம். தோற்றவர் காதை அறுக்க வேண்டாம். வென்றவரிடம் ஒரு பாடம் கற்றுக்கொண்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் நல்லது, மற்ற நாளில் சம்பளம் பிடிப்பார்கள். வாசலில் விளக்குக் கூண்டு கட்டும் வேலையை வேதியியல் துறை ஏற்கும். தொங்கவிட இரண்டு சீட்டுகள் இப்போதே தயார்.

ஒன்று: நான்கெழுத்து ஊர், நடுவிலுள்ள இரண்டையும் எடுத்தால் மான் ஓடும்.

மற்றொன்று: அரசனைக் கூப்பிட்டு 'வை' என்றால், நம் பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ் ஏறலாம்.