பாட்டியும் பார்க்க வேண்டாமா?

“நீங்களெல்லாம் போய்விட்டு வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக் கொள்கிறேன்.”

முழங்கால் வலியுள்ள மாமியாரோ, பக்கவாதத்தால் ஒரு கால் தளர்ந்த சித்தியோ இப்படிச் சொன்னால், வீட்டின் மீதுள்ள அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! படியைப் பற்றிய பயம் அது. நமக்குப் பாரமாகி விடுவோமோ என்ற சங்கோசம் அது.

விடுமுறை வந்தால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உள்ளவர்கள் குழந்தைகளை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப் போவது வழக்கம். கோட்டைக்குள்ளேயே அரசாங்க அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தத் தடவை வீட்டுப் பெரியவரையும் அழைத்துச் செல்லுங்களேன்!

அங்கே என்ன விசேஷம் என்கிறீர்களா? பழைய கற்சிலைகள், வெண்கல வாள், நாணயங்கள் எல்லாம் உண்டு. என் மனத்தைத் தொடுவது, கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கருடையது என்று சொல்லப்படும் தந்தச் சதுரங்கம். 1815-ல் ஆங்கிலேயர் அவரைச் சிறைப்பிடித்தார்கள். மறு வருஷம் இங்கே கொண்டு வந்தார்கள். 1832-ல் கண் மூடும் வரை இந்தக் கோட்டைதான் அவருக்கு உலகம். நாலு சுவருக்குள் நாளை எண்ணும் பாட்டிக்கு அந்தச் சதுரங்கம் புரிகிற மாதிரி நமக்குப் புரியுமா?

கொஞ்சம் முன்யோசனை மட்டும் வேண்டும். புறப்படுமுன் டெலிபோனில் கேளுங்கள்: வண்டி வாசல் வரை வருமா? எத்தனை படி? சக்கர நாற்காலி உண்டா? கழிப்பறைக்குள் அது நுழையுமா? “சில படிகள்தான்” என்று பதில் வந்தால் விடாதீர்கள், எண்ணிக்கை கேளுங்கள். நமக்குச் சில படிகள், முழங்காலுக்கு மலை!

வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைத் தவிர்த்துவிடுங்கள். மடக்கு முக்காலி ஒன்று கையோடு இருக்கட்டும். எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்பதில்லை. இரண்டு அறைகளை உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தால் போதும். சரிவில் இறங்கும்போது சக்கர நாற்காலியைப் பின்புறமாகவே இறக்குங்கள். முன்புறமாக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் சரிந்து விழக்கூடும்.

“நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஊர் சுற்றல் எதற்கு?” என்று யாராவது கேட்டால், அதே வேலூரில் வாழ்ந்த டாக்டர் மேரி வர்கீஸின் கதையைச் சொல்லுங்கள். 1954-ல் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, அவருடைய கால்கள் செயலற்றுப் போயின. அப்படியும் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்! பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு வைத்தியம் பயின்று திரும்பினார். 1966-ல் வேலூரில் அதற்கென்றே ஒரு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எந்த ஊர் அருங்காட்சியகமானாலும் சரி, வாசலில் சரிவுப்பாதை இல்லையென்றால் சும்மா திரும்பாதீர்கள். கேட்பது சலுகையல்ல, உரிமை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கட்டிடங்களை எல்லோரும் அணுகும்படி மாற்ற ஐந்து வருஷத் தவணை கொடுத்தது. விதிகள் வந்த 2017-லிருந்து எண்ணினால், அந்தத் தவணை 2022-லேயே முடிந்துவிட்டது.

கணக்கும் சுலபம்தான். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளச் சரிவு வேண்டும். ஆறங்குலப் படி இரண்டு இருந்தால் பன்னிரண்டு அடிச் சரிவு போதும். அதற்குப் பெரிய பொக்கிஷமா வேண்டும்?

பார்வையாளர் குறிப்புப் புத்தகத்தில் இதை எழுதிவிட்டு வாருங்கள். நீங்கள் எழுதுவதைவிட, பாட்டியை விட்டே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அவர் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம்!