ஆயில் டப்பாவைத் திருப்பிப் படி!



“சிந்தடிக் ஊத்து மச்சி, இஞ்சினுக்குச் சாவே கிடையாது!” இது நம் கேன்டீனில் ஒரு கட்சி. “அட போடா, எல்லாம் ஏமாத்து வேலை. வழவழன்னு இருந்தா எந்த ஆயிலும் ஆயில்தான்.” இது எதிர்க்கட்சி. இரண்டு கட்சியுமே தப்பு என்பது என் தாழ்மையான கருத்து.

எங்கள் களம்பூரில் அரிசி மில்லுக்கும் பஞ்சமில்லை, மொபெட்டுக்கும் பஞ்சமில்லை. பட்டுப் பாவு ஆரணிக்குப் போவதும், அரிசி மூட்டை கடைக்குப் போவதும் இந்தச் சின்ன வண்டிகளில்தான். இவற்றின் இஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்களில் காற்று பட்டால்தான் சூடு தணியும். மூட்டையை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகும்போது சூடு அதிகம், காற்றோ குறைவு. கத்திரி வெயிலில் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தாண்டும் ஊர் நம்முடையது. அப்போது பிஸ்டனின் சூட்டை வாங்கி வெளியே கடத்துகிற வேலையில் ஆயிலுக்கும் பங்கு உண்டு. நம் இஞ்சினுக்கு ஆயில் வெறும் உயவுப் பொருள் அல்ல, பாதி ரேடியேட்டரும் அதுதான்!

சிந்தடிக் ஆயிலின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. ஆயில் சூட்டில் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. சிந்தடிக் இதை அதிகம் தாங்கும், ஆவியாவதும் குறைவு. கடுங்குளிரில் சட்டென்று ஓடும் என்பது அதன் இன்னொரு பெருமை. மார்கழியிலும் ஐஸ் உறையாத நமக்கு அதற்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் சிந்தடிக் என்று பெயர் போட்டதெல்லாம் ஒரே சரக்கு அல்ல நண்பர்களே! அடிப்படை எண்ணெய்களை ஐந்து குரூப்பாகப் பிரிக்கிறார்கள். நான்காம் குரூப் ரசாயன முறையில் கட்டி எழுப்பிய பாலி ஆல்ஃபா ஓலிஃபின். மூன்றாம் குரூப் கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்தது. மூன்றாம் குரூப்பையும் சிந்தடிக் என்று சொல்லலாமா என்று அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரால் கம்பெனிகளுக்குள் வழக்கு வந்து, 1999-ல் விளம்பரத் தீர்ப்பாயம் ‘சொல்லலாம்’ என்றது. மூன்றாம் குரூப்பும் நல்ல எண்ணெய்தான். ஆனாலும் முன்பக்கத்தில் பெரிசாக இருக்கும் எழுத்தைவிடப் பின்பக்கத்துப் பொடி எழுத்துதான் முக்கியம் என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா?

அந்தப் பொடி எழுத்தில் என்ன பார்க்க வேண்டும்? முதலில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்கிற எஸ்.ஏ.இ. எண். இரண்டாவது, ஏ.பி.ஐ. தரம். மூன்றாவது, பலரும் கண்டுகொள்ளாத ‘ஜாசோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’. கியர் பைக்கின் கிளட்ச் பிளேட் இஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கிறது. உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்த கார் ஆயிலை அதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். அதைத் தடுக்கத்தான் ஜப்பான்காரர்கள் 1998-ல் ஜாசோ டி 903 தரத்தைக் கொண்டு வந்தார்கள்.

என் மாமாவின் 100 சிசி பைக்குக்கு ஒரு பட்டறையில் (பேர் வேண்டாம்) “காஸ்ட்லி ஆயில் அண்ணே, கார்லயே ஊத்தறது” என்று சொல்லி ஊற்றினார்கள். கொஞ்ச நாளில் இஞ்சின் கத்துது, வண்டி இழுக்கல. கடைசியில் கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டியதாயிற்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்ததிலிருந்து நம் அப்பா, தாத்தாமார்கள் டூ ஸ்ட்ரோக்கோடு வாழ்ந்தவர்கள். பெட்ரோலில் கலந்த ஆயில் எரிந்து புகையாய்ப் போய்விடும். அடுத்த முறை புது ஆயில். இஞ்சின் ஆயில் பழசாகிறது என்ற பேச்சே அங்கு இல்லை. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக். அதில் அதே ஆயில்தான் மறுபடி மறுபடி சுற்றும், கருக்கும், குறையும். பார்க்க அதே மொபெட்தானே என்று ஆயில் மாற்றாமலே ஓட்டுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இவர்களுக்கு முதல் தேவை சிந்தடிக் இல்லை, தேதி!

ஜெனரேட்டர், பம்ப் செட்டுக்கான சின்ன இஞ்சின்களைப் பாருங்கள். ஹோண்டா ஜி.எக்ஸ். 160 போன்றவற்றில் ஆயில் ஃபில்டர் கிடையாது. உள்ளே ஆயிலை வாரித் தெளிப்பதுதான் முறை. பிடிக்கும் ஆயில் சுமார் 0.6 லிட்டர். அதனால்தான் முதல் 20 மணி நேரத்தில் ஒரு தடவை, பிறகு 100 மணி நேரம் அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். எவ்வளவு உயர்ந்த சிந்தடிக்காக இருந்தாலும் தூசியையும் கரியையும் அது தின்றுவிடாது. “சிந்தடிக்தானே, டபுள் மடங்கு ஓட்டலாம்” என்று நினைப்பது இங்கே ஆபத்து.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். மினரல் ஆயில் லிட்டர் 400 ரூபாய், சிந்தடிக் 800 ரூபாய், இரண்டையும் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு லிட்டர் மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தினம் 30 கிலோமீட்டர் ஓடினால் வருஷத்துக்குச் சுமார் 1,460 ரூபாய் கூடுதல். தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்கு இது சின்னத் தொகையா? ஆகவே எல்லாருக்கும் சிந்தடிக் என்று நான் சொல்ல மாட்டேன். வெயிலில் நாள் முழுக்கச் சுமை இழுக்கும் வண்டிக்கும், மணிக்கணக்கில் ஓடும் ஜெனரேட்டருக்கும், சென்னை சிக்னல்களில் சிக்கித் தவிக்கும் டெலிவரி பைக்குக்கும் அது தகும். அங்கேயும் மேனுவல் சொன்ன கிரேடிலேயே வாங்க வேண்டும். தினம் ஐந்து கிலோமீட்டர் போகும் வண்டிக்கு, சரியான கிரேடு மினரல் ஆயிலை நாள் தவறாமல் மாற்றினால் போதும். புகை கக்கி ஆயில் குடிக்கும் பழைய இஞ்சினுக்குச் சிந்தடிக் ஊற்றுவது ஓட்டைப் பானையில் பால் ஊற்றுகிற கதை. ஃபின்னில் அப்பிய சேற்றையும் தவிட்டுத் தூசியையும் சுரண்டி எடுக்கப் பைசா செலவில்லை. முதலில் அதைச் செய்வோம்!

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். நூலை எரித்து முகர்ந்தே நல்ல பட்டா, ஆர்ட் சில்க்கா என்று சொல்லிவிடுவார் என் அப்பா. 2004 முதல் பட்டுக்குச் ‘சில்க் மார்க்’ முத்திரையும் இருக்கிறது. அப்படிப்பட்டவர் ஆயில் கடையில் மட்டும், கடைக்காரர் நீட்டியதை வாங்கி வருவார். அந்த டப்பாவில் இருப்பது அவருக்குப் புரியாத எழுத்து. அதைப் படித்துச் சொல்லத்தானே அவர் நம்மை இங்கே அனுப்பியிருக்கிறார்? மார்க்குக்காக மட்டும் விஸ்காசிட்டியை உருப்போட்டு, பரீட்சையோடு மறந்துவிடலாமா?

நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். அதே வாரத்தில் ஊர் மக்களின் வண்டிகளுக்கு இலவச ஆயில் சோதனை முகாம் ஒன்று நடத்துவோம். குச்சியை எடுத்து அளவு பார்ப்போம், டப்பாவைப் படித்துச் சொல்வோம், மாற்றிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். கழிவு ஆயிலை ஏரிக் கால்வாயில் ஊற்றாமல் சேர்த்து, முறையாக வாங்குபவரிடம் ஒப்படைப்போம்.

படிப்போம்! படித்ததை ஊருக்குச் சொல்வோம்!

— இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன், களம்பூர்