அட்டை போகட்டும், குரல் போக வேண்டாம்!

டெலிபோன் மணி அடித்தால் எடுத்துப் பேச ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அதுதான் வழக்கம்.

பிறகு எந்திரம் பேசத் தொடங்கியது. "எண் 1-ஐ அழுத்துங்கள்" என்றது. ஆள் இல்லாத நேரத்தில் சேதியைக் கேட்டுப் பதிந்துகொண்டது.

இந்த வேலையைச் செய்தது ஓர் அட்டை! கம்ப்யூட்டருக்குள் செருகிவைக்கும் "குரல் அட்டை".

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில், 1983-ம் ஆண்டு "டயலாஜிக்" கம்பெனி பிறந்தது. குரல் அட்டைகளால் பெயர் பெற்றது. 1999-ல் இன்டெல் கம்பெனி அதை வாங்கியது. 2006-ல் அந்தத் தொழில் மீண்டும் கை மாறியது.

தனி மூளை

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு வேகம் போதாது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் திணறும். ஆகவே, அட்டையிலேயே தனி மூளை வைத்தார்கள்.

டெலிபோன் குரலை வினாடிக்கு 8,000 தடவை அளந்து எண்களாக மாற்றுவது வழக்கம். அப்படியே சேமித்தால், ஒரு நிமிடப் பேச்சுக்கு 4 லட்சத்து 80 ஆயிரம் பைட் இடம் வேண்டும்.

அட்டை சிக்கனம் செய்தது. வினாடிக்கு 6,000 தடவை அளந்தால் போதும் என்றது. முன் அளவுக்கும் பின் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் குறித்தது. ஒரு நிமிடப் பேச்சு 1 லட்சத்து 80 ஆயிரம் பைட்டில் அடங்கியது.

விலாசம் இல்லாத கடிதம்

இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. பழைய அட்டைகளைச் செருகும் இடம்கூடப் புதிய கம்ப்யூட்டர்களில் இல்லை. பழைய பெட்டிகள் காயலான் கடைக்குப் போகின்றன.

பெட்டி போவதில் குற்றமில்லை. உள்ளே இருக்கும் குரல்கள் என்ன ஆவது?

"வாக்ஸ்" என்னும் அந்தப் பதிவுகள் விலாசம் இல்லாத கடிதம் போன்றவை. எந்த வேகத்தில் பதிந்தது என்ற விவரம் அவற்றுக்குள் இருக்காது. 6,000-ல் பதிந்ததை 8,000-ல் ஓட்டினால், பெரியவர் பேச்சும் குழந்தை கீச்சிடுவதுபோல் ஆகிவிடும்!

அந்தக் குரல், மகளுக்குத் தந்தை விட்டுச்சென்ற கடைசிச் சேதியாக இருக்கலாம். அதிகாரி கொடுத்த வாக்குறுதியாக இருக்கலாம். வழக்குக்குச் சாட்சியாகவும் இருக்கலாம்.

செய்ய வேண்டியது

பெட்டியைக் கழற்றும் முன், பதிவுகளைப் பொதுவான முறைக்கு மாற்றவேண்டும். "சாக்ஸ்" என்ற இலவச சாப்ட்வேரே இதைச் செய்யும். பதிந்த தேதியையும் வேகத்தையும் எழுதிவைக்க வேண்டும்.

வேண்டாத குரல்களை அடியோடு அழிக்கவேண்டும். ஒருவர் அந்தரங்கமாகப் பேசியது பழைய சாமான் கடையில் கிடக்கக்கூடாது.

இதற்கு ஆகும் செலவு சொற்பம். செய்யத் தவறினால், போன குரல் திரும்பாது.

அட்டையைக் கழற்றும் கை, முதலில் குரலைப் பிரதி எடுக்கட்டும்!