நாயைக் கூட்டிப் போங்க, கயிற்றையும் எடுத்துப் போங்க

மார்கழி பிறந்தால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாள் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, என் ரெண்டு நாய்களையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளையூரணியில் இருந்து கிளம்பிவிடுவேன். ஒன்று கன்னி நாய். இன்னொன்று தெருவில் கிடந்து எடுத்து வளர்த்தது. பனி விலகும் முன்னே பனங்காடு, உடைக்காடு. மதியத்துக்கு வெள்ளப்பட்டிப் பக்கம் கடற்கரை. பொழுது சாய வீடு. சித்திரை, வைகாசியில் இந்த மணலில் நாயைக் கூட்டிப் போக முடியாது, பாதம் வெந்துபோகும். மழை ஓய்ந்த மார்கழியும் தையும்தான் அதுகளுக்கும் நமக்கும் வாய்த்த காலம்.

போன மார்கழியில் அப்படிப் போனபோது ஒரு தப்பு செய்தேன். காட்டுக்குள் நுழைந்ததும், ‘கொஞ்ச நேரம் ஓடட்டுமே’ என்று ரெண்டையும் அவிழ்த்துவிட்டேன். ஒரு கவுதாரி படபடவென்று கிளம்பியது. கன்னி அதன் பின்னால் பாய்ந்தது, மற்றதும் கூடவே ஓடியது. தொண்டை வலிக்கக் கூப்பிட்டும் திரும்பவில்லை. கால் மணி நேரம் கழித்துச் சத்தம் கேட்டு ஓடினால், ஒரு அண்ணாச்சியின் ஆட்டுப்பட்டி. வெள்ளாட்டுக் குட்டி ஒன்று தொடை கிழிந்து கிடந்தது. சாயங்காலத்துக்குள் செத்துப்போனது. நான் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு அண்ணாச்சி சொன்னார்: “நாயை என்ன செய்ய தம்பி, அதுக்கு ஓடத்தான் தெரியும். அவுத்து விட்டது நீங்கதானே.”

அந்தப் பேச்சு எனக்கு இன்னும் உறுத்துகிறது. திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் நாய்கள் கடித்துச் செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி உழவர்கள் போராடியதை நாமெல்லாம் பார்த்தோம். இழப்பீடு கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் ‘தெரு நாய், தெரு நாய்’ என்று நாம் சொல்லும்போது ஒன்றை மறைக்கிறோம். ராத்திரியில் அவிழ்த்துவிடப்படும் தோட்டத்து நாயும் அந்தக் கூட்டத்தில் சேரும். பெட்டைக் குட்டி வேண்டாம் என்று சாலையோரம் விட்டுவந்தது நம்மில் ஒருவராகவும் இருக்கலாம். அரசாங்கத்திடம் கேட்பதைக் கேட்போம். நம் பங்கையும் நாம் பார்க்க வேண்டும்.

நான் நாய்க்கு எதிரி இல்லை. நாய் இல்லாமல் மானாவாரி விவசாயம் இல்லை என்று நினைக்கிறவன். கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் வட்டாரத்துக் கன்னியும், பக்கத்து விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரையே தாங்கிய சிப்பிப்பாறையும் இந்தக் கரிசல் மண்ணோடு வளர்ந்தவை. ஆட்டு எரு அவ்வருசம், மாட்டு எரு மறு வருசம் என்பார்கள். வேம்பூர் ஆட்டுக் கிடை நம் நிலத்தில் ராத்தங்கிப் போனால் யூரியா மூட்டையைத் தேட வேண்டியதில்லை. அந்தக் கிடையைச் சுற்றி விடிய விடியக் கிடப்பது நாய். மக்காச்சோளத்தில் பன்றி இறங்கினால் ஒரு குரைப்பிலேயே நம்மை எழுப்புவதும் நாய்தான். விஷமும் வெடியும் வைக்காமல் வெள்ளாமையைக் காக்க நம்மிடம் உள்ள நல்ல வழிகளில் அதுவும் ஒன்று.

ஆனால் காவல் வேறு, வேட்டை வேறு. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தையே ‘காடு’ என்றுதான் சொல்வோம். அந்தக் காடு நமக்கு மட்டும் சொந்தம் இல்லை. கவுதாரி நம் வயலில் கரையானும் புழுவும் தின்கிறது. முயலையும் கவுதாரியையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. நாயை ஏவிப் பிடித்தாலும் அது வேட்டைதான். நம் மாவட்டத்து வல்லநாட்டில் வெளிமானுக்கென்றே சரணாலயம் இருக்கிறது. புல்லுக்குள் படுத்திருக்கும் மான்குட்டிக்கு, கட்டவிழ்ந்த நாலு நாய்கள் போதும். பூச்சிமருந்து அடிக்காமல் பத்து வருசமாகச் சேர்த்த உயிர்களை நம் நாயே ஒரு ராத்திரியில் கலைத்துவிட்டால் அது என்ன இயற்கை விவசாயம்?

கடற்கரையிலும் இதே கதைதான். மழைக்காலத்தில் உப்பளம் ஓய்ந்து நீர் நிற்கும். அங்கே பூநாரையும் உள்ளானும் இரை தேடும். பல உள்ளான்கள் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தவை. திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கின்றன. நாய் துரத்தி ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் அது கரைகிறது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை கரையேறி மணலில் குழி தோண்டி, ஒரு குழிக்கு நூறு முட்டைக்கு மேல்கூட இடும். மோப்பம் பிடித்த நாய்க்கு அந்தக் குழியைக் காலி பண்ண அதிக நேரம் ஆகாது.

நாய்க்கும் அங்கே ஆபத்து உண்டு. வலையில் இருந்து கழித்துப் போட்ட பேத்தை மீனைத் தின்றால் உயிரே போகலாம். கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் வரும். உடைமுள் ஏறிய பாதம் சீழ் பிடிக்கும். கயிறு நம் கையில் இருந்தால் இதில் பாதி வராது.

அதனால் நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். பகலில் நிழலில் கட்டு. ராத்திரி வேலிக்குள் மட்டும் அவிழ்ப்பு. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருசம் தவறாமல். குட்டிக்கு ஆள் இல்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை. செத்த கோழியை வெளியே வீசாமல் ஆழப் புதைப்பது. யாரையாவது கடித்துவிட்டால், ‘வீட்டு நாய்தானே’ என்று இருக்காமல், புண்ணைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போவது.

இந்த மார்கழிக்கும் போகப் போகிறேன். தோளில் ஒரு தண்ணீர்க் கேன், இடுப்பில் முள்வாங்கி, கையில் நீளமான கயிறு. வழியில் அண்ணாச்சியின் பட்டிப் பக்கம் வந்ததும் கயிற்றை இன்னும் கொஞ்சம் குட்டையாகப் பிடித்துக்கொள்வேன். நீங்களும் உங்கள் நாயைக் கூட்டிப் போங்க. அவிழ்க்கிற ஆசை வந்தால், பக்கத்தில் யாருடைய ஆடு மேய்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கோங்க.