பெண் நலம்: சலப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பின்



கிளிநொச்சியில் அக்கா ஒருவர், இறங்கிய சலப்பைக்குச் சத்திரசிகிச்சை செய்து துண்டு வெட்டி வீடு வந்த 9ஆம் நாளே தண்ணீர்க் குடம் தூக்கினார். "என்னை விட்டால் வீட்டில ஆர் இருக்கினம்?" என்றார். இரத்தம் போய், மறுபடியும் வைத்தியசாலை.

உட்தையல் ஆறச் சுமார் 6 வாரம் வேண்டும். அதுவரை குடம், விறகு தூக்காதீர்கள். முக்காமல் மலம் போகக் கீரை, பழம் உண்ணுங்கள்.

வாட்டில் சலக்குழாய் இருக்கையில் பை சலப்பைக்குக் கீழே தொங்கட்டும், குழாய் மடியக்கூடாது. குழாயை எடுத்தபின் சலம் போகாவிட்டால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். அடிக்கடி போகுமென்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள்.

வீட்டில் சலம் அடைத்தாலோ, இரத்தம் கூடினாலோ, நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலோ வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

குடம் தூக்க அயலவரைக் கேளுங்கள். நாளை அவர்களுக்கு நீங்கள் தூக்கலாம்.