வால் பக்கம் கொஞ்சம் பாருங்க!

மாண்டலின் என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு இரண்டு பேர் ஞாபகம் வருவார்கள். ஒருவர், 1995-ல் வந்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே'யில் கடுகு வயலில் அதை வைத்துக்கொண்டு நின்ற ஷாரூக் கான். அவர் வாசிப்பதாக நடித்தார். இன்னொருவர், 1969-ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்து, அரை டிராயர் வயசிலேயே கச்சேரி மேடை ஏறிய யு.ஸ்ரீநிவாஸ். இவர் வாசிப்பதற்கென்றே பிறந்தார். 1998-ல் பத்மஸ்ரீ. 2014-ல், 45 வயதில் போய்விட்டார்.

முதலாமவரைப் பார்த்தபோது நாமெல்லாம் கஜோலைப் பார்த்தோம். இரண்டாமவரைப் பார்த்தபோது விரல்களைப் பார்த்தோம். மாண்டலினின் வாலை யாராவது பார்த்தோமா?

அங்கே ஒரு சின்னத் தகடு இருக்கிறது. பெயர் டெயில்பீஸ். எட்டுத் தந்திகளின் மேல் முனை கீயில் சுற்றியிருக்கும். கீழ் முனை இந்தத் தகட்டின் கொக்கிகளில் மாட்டியிருக்கும். சுருதி கூட்டி முறுக்கினால் எட்டும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு சுமார் 70, 80 கிலோ. அதாவது, நன்றாகச் சாப்பிடுகிற ஓர் ஆசாமி ராத்திரி பகலாக அந்தத் தகட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார். தாம்பரம் - பீச் எலெக்ட்ரிக் ட்ரெயினில் காலை எட்டே முக்காலுக்குத் தொங்குகிறவருக்காவது கிண்டி வந்தால் கொஞ்சம் விமோசனம் உண்டு. தகட்டுக்குக் கிண்டி கிடையாது.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர். ரயில்வேயில் ரிடையரானவர். ஒரு காலத்தில் மெல்லிசைக் குழு ஒன்றில், கல்யாண ரிசப்ஷன்களில், பந்தி சத்தத்தை மீறி மாண்டலின் வாசித்தவர். கல்கத்தாவில் செய்த பழைய வாத்தியம். போன மாதம் சுருதி கூட்டும்போது 'டங்'! தகட்டில் நாலு கொக்கி நிமிர்ந்து, மடிப்பில் விரிசல். கை வியர்வையும் நம்மூர் ஈரக் காற்றும் சேர்ந்து முப்பது வருஷமாகத் தின்றது போக மிச்சம் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இருக்கும் பையன் போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "அதைத் தூக்கிப் போடுங்கப்பா. தீபாவளிக்கு வர்றப்போ புதுசு வாங்கிட்டு வரேன்."

பெரியவர் என்னிடம் வந்து இடது கையை நீட்டினார். மோதிர விரல் பாதிதான் மடங்கியது. "விரலுக்கு தினம் வேலை குடுங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார் தம்பி. தீபாவளிக்கு மாண்டலின் வந்துடும். வாசிக்க விரல் இருக்கணுமே?"

'உங்களிடம் ஏன் வந்தார், நீங்கள் பி.காம். ஆச்சே?' என்பீர்கள். அதனால்தான் வந்தார்! ரிப்பேரா, புதுசா என்பது சங்கீதக் கேள்வி இல்லை சார், அக்கவுண்டன்ஸி கேள்வி. உடைந்த பாகத்தை மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அது வருவாய்ச் செலவு. புதுசாகவே ஒன்று வாங்கினால் மூலதனச் செலவு. முன்னது சில நூறில் முடியும் என்றால் பின்னதை யோசிக்காதே என்பது பாடப் புத்தகத்தில் இல்லை. என் பர்ஸில் எழுதியிருக்கிறது.

கிளம்பினோம். டீக்கடையிலேயே ஒருவர் யோசனை சொன்னார். "ஸ்ரீநிவாஸ் மாதிரி ஒத்தைத் தந்தியாப் போட்டுடுங்க. லோடு பாதியாயிடும்." பெரியவர் சிரித்தார். "கமகம் இழுக்க ஜோடித் தந்தி இடைஞ்சல். அதனால அவர் ஒத்தையா அஞ்சு தந்தி வெச்சு, கரண்ட்டுல வாசிச்சார். நான் சினிமாப் பாட்டு ஆளுப்பா. எனக்கு ஜோடியாத்தான் 'ட்ரிங்'குனு கேக்கணும்."

ஒரு கடையில் பளபளவென்று இறக்குமதித் தகடு கிடைத்தது. பழைய ஸ்க்ரூ துளைகளோடு பொருந்தவில்லை. "வேற துளை போட்டுக்கலாம் சார்" என்றார் கடைப் பையன். பெரியவர் வாத்தியத்தைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். பழைய மரத்தில் துளை போடுவது சுலபம், எடுப்பது?

கடைசியில் குரோம்பேட்டையில் ஒரு பட்டறை. பழைய தகட்டை மேலே வைத்துக் கோடு கிழித்து, பித்தளையில் வெட்டினார்கள். பச்சையாக வளைத்தால் மடிப்பில் கீறல் விடும் என்று சூடுகாட்டி ஆறவைத்து வளைத்தார் மேஸ்திரி. தந்தியை அறுக்காதிருக்க கொக்கி ஓரங்களை அரத்தால் மழுக்கினார். கூலி 400 ரூபாய். டீ எங்கள் செலவு.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு மாண்டலின் இருந்தால், குறித்துக்கொள்ளுங்கள். தந்தியைக் கழற்றுமுன் குதிரையைச் சுற்றிப் பென்சிலால் லேசாகக் கோடு போடுங்கள். குதிரையை அங்கே ஒட்டி வைக்கவில்லை. தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. தந்தி போனால் குதிரையும் ஓடிவிடும். ஸ்க்ரூ துளை தளர்ந்திருந்தால் தீக்குச்சியை மரப்பசையில் தோய்த்துச் செருகுங்கள். முதலில் ஓரத் தந்திகள் இரண்டை மட்டும் மாட்டி, கழுத்தின் இரு விளிம்பிலிருந்தும் ஒரே இடைவெளியில் ஓடுகிறதா என்று பார்த்தபிறகு ஸ்க்ரூவை முடுக்குங்கள். மூடி 'கிர்ர்' என்றால் அடியில் துண்டுக் கம்பளித் துணி. பழைய தகட்டை எறியாமல் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்; அதுவும் வாத்தியத்தின் ஜாதகம்தான்.

இதென்ன பெரிய ரிப்பேர்? அமெரிக்காவில் பில் மன்றோ என்று ஒருவர், 'புளூகிராஸ்' இசைக்கே தந்தை. அவர் கையில் இருந்தது 1923-ல் செய்த கிப்ஸன் மாண்டலின். 1985-ல் யாரோ வீடு புகுந்து அதை இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கினார்கள். சில்லு சில்லாகப் பொறுக்கிக் கொடுத்து, கிப்ஸன் கம்பெனி மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டியது. அவருக்குப் புதுசு கொடுக்க ஆளா இல்லை? ஒட்டியதைத்தான் மறுபடி மேடைக்குக் கொண்டுபோனார்.

எங்கள் தெருவில் இப்போது ராத்திரி ஏழரைக்கு மாண்டலின் கேட்கிறது. மோதிர விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை. சில இடங்களில் சுரம் வழுக்குகிறது. எதிர் வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள். பையனுக்குப் போனில் திருத்திய உத்தரவும் போய்விட்டது. "மாண்டலின் வேண்டாம்டா. ரெண்டு செட் தந்தி மட்டும் வாங்கிட்டு வா."

நாளைக்கு ஆபீஸில் சுற்றிப் பாருங்கள். மீட்டிங்கில் நாதமாகப் பேசுகிறவர் ஒருவர் இருப்பார், கைதட்டல் அவருக்கு. மூலையில், ஃபைல்களுக்குப் பின்னால், வாயே திறக்காமல் எட்டுப் பக்க இழுப்பையும் தாங்கிக்கொண்டு இன்னொருவர் இருப்பார். அவர் லீவு போடுகிற அன்றைக்குத்தான் 'டங்'.

அதற்கு முன்னால் ஒரு டீயாவது வாங்கிக் கொடுங்கள். அதுவும் வருவாய்ச் செலவுதான்.